சட்டத்தால் ஓயாத கடல் வானொலி

ஐயா,

கப்பல்களிலிருந்து உரிமமின்றி ஒலிபரப்பிய வானொலிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, 1967 ஆகஸ்டில் பிரிட்டன் நடைமுறைப்படுத்திய சட்டத்துடன் அவற்றின் கதை முடிந்ததாகக் கூறுவது சரியன்று. நாட்டின் கடல் எல்லைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த கப்பல்களை நேரடியாகத் தொட முடியாததால், அவற்றுக்கு விளம்பரமும் உணவும் எரிபொருளும் வழங்குவதையே அச்சட்டம் குற்றமாக்கியது. இடையில் சில ஆண்டுகள் முடங்கினாலும், 1964இல் தொடங்கிய அத்தகைய கப்பல் வானொலியான ரேடியோ கரோலைன் மீண்டும் ஒலித்தது. எழுபதுகளின் நடுவில் சரக்குக் கப்பலில் வட கடலைக் கடந்தபோது, சாப்பாட்டு அறையின் பழைய மத்திய அலைப் பெட்டியில் அதை நானே கேட்டிருக்கிறேன்.

1967 செப்டம்பர் 30இல் பிபிசி தொடங்கிய பாப் இசை வானொலியான ரேடியோ 1இன் முதல் அறிவிப்பாளர், முன்பு கரோலைனில் பணியாற்றிய டோனி பிளாக்பர்ன் என்பதுதான் வேடிக்கை. இப்பிற்பகுதியையும் ஒரு தொடர்கட்டுரையாகத் தாங்கள் வெளியிடலாம்.

- முன்னாள் கப்பல் பணியாளர், தூத்துக்குடி