சிவப்பு மையில் எழுதிய ஒரு வரிக்கு

மறுபரிசோதனை முடிவு இன்று கைக்கு வந்துவிட்டது. குடலில் அழற்சி இருக்கிறதா என்று மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் அளவு, இயல்பான 50-க்குள் இறங்கியிருக்கிறது. குடல் அழற்சி நோயால் நான் பட்ட பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பப் பாடப் போவதில்லை.

முதல் நன்றி, பரிசோதனைக் கூடத்தில் மாதிரி வாங்கும் அந்தப் பெண்மணிக்கு. மல டப்பாவை நீட்டும்போது யாருக்கும் கை கூசத்தான் செய்யும். அவர் முகம் சுளிக்காமல் வாங்கி, மூடி இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்து, "காலையில் முதலில் போனதுதானே?" என்றார். பிறகு, வரிசையில் நின்றவர்கள் காதில் விழாதபடி என்னை ஓரமாக அழைத்தார். "சமீபத்தில் வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா?" பல் பிடுங்கியபோது எழுதிக்கொடுத்த டைக்ளோஃபினாக் அப்போதுதான் முடிந்திருந்தது. "அதுவே எண்ணை ஏற்றிவிடக்கூடும்" என்று சொல்லி, படிவத்தின் ஓரத்தில் மாத்திரையின் பெயரையும் சாப்பிட்ட தேதிகளையும் சிவப்பு மையில் எழுதினார். அது அவர் வேலையில் சேர்த்தியா? இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்த முறை முடிவு 400-ஐத் தாண்டி வந்தது. 250-க்கு மேல் போனாலே அழற்சி மூண்டுவிட்டது என்றுதான் பெரும்பாலும் கொள்வார்கள். மறுபடியும் ஸ்டீராய்டா என்ற பயத்தில் அன்றிரவு தூக்கம் போயிற்று. மருத்துவரோ எண்ணைப் பார்த்தார், சிவப்பு வரியைப் பார்த்தார், "சில வாரம் பொறுத்து மறுபடி எடுப்போம்" என்றார். கால்புரோடெக்டின் வெள்ளணுக்களில் இருக்கும் புரதம். அவை குடல் சுவரில் திரண்டால் மலத்தில் ஏறும். ஏன் திரண்டன, நோயாலா, தொற்றாலா, மாத்திரையாலா என்பதை அந்த எண் சொல்லாது. யாராவது கேட்க வேண்டும். அந்தப் பெண்மணி கேட்டார்.

அவசரப்படாத மருத்துவருக்கும், நான் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து ஓடிய நாட்களில் காரணம் கேட்காமல் சமாளித்த அலுவலக நண்பர்களுக்கும், என்னைவிட அதிகம் பயந்த வீட்டாருக்கும், தொலைபேசியில் தைரியம் சொன்ன சக நோயாளிகளுக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு.

பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்காக வயிற்றைக் கழுவும் அவஸ்தையைப் பல முறை தள்ளிப்போட உதவியது இந்தச் சின்ன டப்பாதான். அதைக் கொடுக்க வெட்கப்பட்டுப் பரிசோதனையையே தள்ளிப்போடுகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். இனி என் படிவத்தில் மாத்திரைப் பட்டியலை நானே எழுதிவிடுவேன். டப்பாவைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் புதியவர் யாரைப் பார்த்தாலும், அதிகப்பிரசங்கி என்று நினைத்தாலும் பரவாயில்லை, வலி மாத்திரை பற்றி மெதுவாகக் கேட்டுவிடுவேன்.