கதிர் முற்றட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டு விவகாரப் பத்தியாளர்களுக்கான விருதுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க இதழியலின் பெரிய விருதான புலிட்சரில், பத்தி எழுத்துக்குத் தரும் கருத்துரைப் பரிசைத் தலைமேல் தூக்கி வைத்திருந்தீர்கள். எனக்குப் பாதிதான் உடன்பாடு.

பிடித்த பத்திகளைக் கத்தரித்துக் கோப்பில் வைப்பது என் பழக்கம். அன்று மாலையே 2003ஆம் ஆண்டுக் கோப்பை இறக்கினேன். குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்புத் தடம் விழுந்திருந்தது. எல்லாம் ஈராக் போருக்கு முன்பு வந்தவை. பேரழிவு ஆயுதங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்களைப் போல எழுதியவர்கள் எத்தனை பேர்! நடை இன்றும் மணக்கிறது. ஆயுதம்தான் கடைசிவரை கிடைக்கவில்லை. 2002இல் இதே பரிசைப் பெற்ற நியூயார்க் டைம்ஸ் பத்தியாளர் தாமஸ் ஃப்ரீட்மனும் மறு ஆண்டு அந்தப் போரை ஆதரித்தவரே. அவருக்குக் கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. புலிட்சர் நடுவர்கள் பார்ப்பது முந்தைய ஓராண்டு எழுத்தை. ஒரு நாட்டின் போக்கைப் பற்றிய கணிப்பு பலித்ததா, பொய்த்ததா என்று தெரிய ஓராண்டு எப்படிப் போதும்? கதிர் முற்றுமுன்பே விளைச்சல் போட்டிக்குப் பரிசு கொடுத்துவிடும் கதைதான்.

ஆனால் அதே பத்திரிகையின் நிக்கோலஸ் கிறிஸ்டாஃப் விஷயம் வேறு. சூடானின் டார்ஃபூரில் நடந்த படுகொலைகளை நேரில் போய்ப் பார்த்து எழுதியதற்காக அவருக்கு 2006இல் கொடுத்தார்கள். 2024இல் விளாதிமிர் காரா-முர்ஸாவுக்குக் கொடுத்தார்கள். உக்ரைன் போரை எதிர்த்துப் பேசியதால் 25 ஆண்டு தண்டனை பெற்று, ரஷ்யச் சிறைக்குள்ளிருந்தே வாஷிங்டன் போஸ்டுக்கு எழுதியவர் அவர். பரிசை அறிவித்தபோதும் சிறையில்தான் இருந்தார்; அவ்வாண்டு ஆகஸ்டில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். இவர்கள் சோழி உருட்டவில்லை, கண்டதையும் பட்டதையும் எழுதினார்கள். இத்தகைய எழுத்துக்குப் பரிசு கொடுக்க ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். நாற்காலியில் அமர்ந்து நாளைய உலகைச் சொல்பவர்கள் ஐந்தாண்டு பொறுக்கட்டுமே.

தங்கள் ஆண்டிறுதி இதழுக்கு ஒரு வேண்டுகோள். சிறந்த வெளிநாட்டு விவகாரக் கட்டுரை என்று இவ்வாண்டில் வந்ததைத் தேர்ந்தெடுக்காமல், ஐந்தாண்டுக்கு முன் தாங்கள் வெளியிட்ட ஒன்றை ஒரு வரியும் மாற்றாமல் மறுபடி அச்சிடுங்கள். தன் கணிப்பு பலித்ததா, பொய்த்ததா என்று பக்கத்திலேயே எழுதியவரை நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். பழைய இதழ்கள் கைவசம் இல்லையென்றால் சொல்லுங்கள். என் கோப்பில் சில இருக்கின்றன, நகலெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மன்னார்குடி.