பட்டையை இறுக்கும் முன்: தீவிர சிகிச்சைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். மூச்சுத்திணறலோடு வந்த என் அப்பாவைப் பிழைக்க வைத்தது, முகத்தில் மாட்டும் மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் பைபாப் இயந்திரம்தான். அந்த நன்றி மாறாது. ஆனால் மூன்றாம் நாள் காலை மாஸ்க்கைக் கழற்றியபோது, அவருடைய மூக்குத்தண்டில் நகத்தளவுக்குத் தோல் கருத்துக் கிடந்தது. "சின்னக் காயம்தானே" என்றார்கள். அந்தச் சின்னக் காயத்தின் வலி தாங்காமல் அன்றிரவு அவர் மாஸ்க்கைத் தள்ளிவிட்டார். மறுபடியும் மூச்சு வாங்கத் தொடங்கியது.

படுக்கைப்புண் என்றால் இடுப்பையும் குதிகாலையும் புரட்டிப் பார்க்கிறார்கள். மூக்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அங்கே தோலுக்கு அடியில் மெத்தைபோல எதுவும் இல்லை, உடனே எலும்புதான். அதன்மேல் மாஸ்க் மணிக்கணக்கில் அழுந்தினால் இரத்த ஓட்டம் தடைபடுகிறது. வியர்வையும் ஈரக்காற்றும் தோலை ஊறவைத்து மேலும் நலிய வைக்கின்றன.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தது இது: மாஸ்க் ஓரமாகக் காற்று கசிந்தால் அலாரம் அடிக்கும், செவிலியர் ஓடி வந்து மாஸ்க்கின் பட்டையை ஓர் இழுப்பு இழுப்பார். அடுத்த அலாரத்துக்கு இன்னோர் இழுப்பு. தளர்த்தியதை ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை; ஆறு படுக்கைகளை ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். சிறு கசிவை இயந்திரமே ஈடுகட்டிக்கொள்ளும். காற்று கண்ணில் அடித்தாலோ, வைத்த அழுத்தம் எட்டாவிட்டாலோதான் கவலை. அப்போதும் மாஸ்க்கை லேசாகத் தூக்கி மறுபடி பொருத்திப் பார்ப்பதே முதல் வேலை. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். எவ்வளவு இறுக்கியும் நிற்காத கசிவு, பெரும்பாலும் அளவு தப்பிய மாஸ்க்கின் வேலை. அளவு பார்க்கும் அட்டை பல மாஸ்க்குகளோடு சேர்ந்தே வருகிறது. அது உறையோடு குப்பைக்குப் போவதையும் பார்த்தேன்.

தோலைக் காக்கும் மெல்லிய ஒட்டுப்படலத்தை (ஹைட்ரோகொலாய்டு அல்லது சிலிகான் ஃபோம்) மாஸ்க் ஏறும் முன்பே மூக்குத்தண்டில் ஒட்டுங்கள்; சிவந்த பிறகு ஒட்டுவது தாமதம். பஞ்சையும் துணியையும் மடித்துத் திணித்தால் அழுத்தமும் கசிவும்தான் கூடும். நோயாளியின் நிலை இடம்கொடுத்தால், முகம் முழுவதையும் மூடும் வகை மாஸ்க்கை இடையிடையே மாற்றிப் போடலாம்; ஒரே இடம் ஓயாமல் அழுந்தாது.

இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாஸ்க்கைத் தூக்கித் தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தும்போது வெளிறவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. தேய்த்துவிடக் கூடாது. கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது; சூட்டையும் கடினத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும், வலிக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அப்பாவின் கட்டிலில் தொங்கிய பதிவுத்தாளில் ஆக்சிஜன் அளவுக்கும் நாடித்துடிப்புக்கும் கட்டம் இருந்தது. முகத்தோலுக்கு இல்லை. அடுத்த முறை அச்சடிக்கும்போது அதையும் சேர்த்துவிடுங்கள். அதுவரை பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்