சுருக்குமடி விவாதத்தில் விடுபட்ட கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிப்பக்கத்தைச் சுருக்கி மொத்தமாக அள்ளும் பெரிய வலை சுருக்குமடி. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருக்கும் இவ்வலையை, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால அனுமதி அளித்தது. எத்தனை மைல், எத்தனை நாள் என்பதிலேயே விவாதம் நிற்கிறது. சுருக்குமடியில் பெருமளவு சிக்கும் சாளையையும் கானாங்கெளுத்தியையும் தின்று வளர்பவை வஞ்சரம், சூரை, சுறா போன்ற பெரிய மீன்கள். அவற்றைத் தூண்டிலிலும் செவுள்வலையிலும் பிடித்துப் பிழைப்பவர்கள் நாட்டுப்படகு மீனவர்கள். அப்படியிருக்க, எவ்வளவு சாளையைக் கடலிலேயே விட்டுவைத்தால் இவர்கள் அனைவருக்கும் மீன் கிடைக்கும் என்பதுதானே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி?

இதற்கு விடை தேட உதவுபவை சூழல் தொகுதி மாதிரிகள். எந்த மீன் எதைத் தின்கிறது, ஓராண்டில் எவ்வளவு பெருகுகிறது, வலையில் எவ்வளவு போகிறது என்பவற்றையெல்லாம் ஒரே வரவு செலவுக் கணக்கில் சேர்த்து, ஓரிடத்தில் பிடிப்பு கூடினால் மற்ற இடங்களில் என்ன குறையும் என்று கணினியில் முன்கூட்டியே பார்க்கும் முறை அது. மீன்களின் வயிற்றைத் திறந்து இரையை எண்ணும் பொறுமையான வேலைதான் இதற்கு அடிப்படை.

வடக்கே பேரண்ட்ஸ் கடலில், நார்வேயும் ரஷ்யாவும் கேப்லின் என்ற சிறு மீனுக்கு ஆண்டு அளவை இப்படித்தான் தீர்மானிக்கின்றன. காட் மீன்கள் தின்னப் போகும் அளவை முதலில் கழித்துவிட்டு, முட்டையிடுவதற்குக் குறைந்தது 2 லட்சம் டன் கேப்லின் எஞ்சும் என்பதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு இருந்தால் மட்டுமே மீதியைப் பிடிக்க விடுகிறார்கள். எஞ்சாது என்று கணக்கு காட்டிய ஆண்டுகளில் பிடிப்பையே நிறுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும், மென்ஹேடன் என்ற சாளையின வகை மீனுக்கான வரம்பை, அதைத் தின்னும் வரிக்கொடுவா என்ற பெரிய மீனின் தேவையையும் சேர்த்துக் கணக்கிடும் முறை 2020 ஆகஸ்டில் ஏற்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான பிடிப்பு அளவு பத்து விழுக்காடு குறைக்கப்பட்டது.

நமக்கு இது எட்டாத அறிவியல் அன்று. 1947இல் தொடங்கப்பட்டு, நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள், கர்நாடகக் கரையை ஒட்டிய அரபிக் கடலுக்கு இத்தகைய மாதிரியை முன்பே உருவாக்கியிருக்கிறார்கள். பல பத்தாண்டுகளின் மீன்வரத்துப் புள்ளிவிவரமும் அந்நிலையத்திடம் உண்டு.

மாதிரி தரும் எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த சாளை, 2021இல் 4 ஆயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. கடலின் வெப்பம், மழை, இரை ஆகியவற்றின் மாற்றமும் சாளையை இவ்வாறு ஆட்டிவைப்பதால், எந்தக் கணக்கும் ஒற்றை எண்ணாக இல்லாமல், குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்ற வரம்பாகவே சொல்லப்பட வேண்டும். அந்த வரம்பின் அடிப்பகுதியை நம்பித் திட்டமிடுவதே எச்சரிக்கையான வழி என்பது என் கருத்து.

ஆகவே மீன்வளத் துறை, மேற்சொன்ன ஆராய்ச்சி நிலையத்தையும் நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொண்டு, சோழமண்டலக் கரைக்கும் பாக் நீரிணைக்கும் தனித்தனி மாதிரிகளை உருவாக்க வேண்டும். சுருக்குமடி அறவே இல்லாதபோதும், வாரம் இரு நாள் இருந்தாலும், கூடுதல் நாள்கள் இருந்தாலும் சாளைக்கும் வஞ்சரத்துக்கும் என்ன ஆகும் என்று தனித்தனியே கணக்கிட்டு, முடிவெடுக்கும் முன்பாக அதைத் தமிழில் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளின் முன் வைக்க வேண்டும். எந்த மாதத்தில் எந்த மீன் கடலில் எந்த இடத்தில் சேரும் என்று மீனவர்கள் சொல்வதையும் அக்கணக்கில் தரவாகச் சேர்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர்.