ஒப்புதல் வாங்கிய கேள்வியை ஒரு தடவையாவது மாற்ற விடுங்கள்

முதுகலை இசைப் பாடக்குழுவினருக்கு,

வணக்கம். தனி ஆய்வுத் திட்டத்தின் தலைப்பை மாற்றக் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. ஒப்புதல் ஆன முன்மொழிவை மாற்ற விதியில் இடமில்லை என்று ஒரே வரி. விதி எனக்கும் தெரியும். அந்த விதியைப் பற்றித்தான் இந்த மடல்.

தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’ சுரம்) ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் (‘ரி’) மத்யமத்துக்கும் (‘ம’) நடுவே அசைந்துகொண்டே இருக்கும். காலம், அதாவது பாடும் வேகம், இரட்டிக்கும்போது அந்த அசைவின் அகலம் எத்தனை சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு) குறைகிறது என்பது என் கேள்வி. கேள்வி, முறை, எதிர்பார்க்கும் முடிவு எல்லாவற்றையும் மூன்றாம் வாரத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், கொடுத்தேன். அப்போது நான் ஒரு வரிகூடப் பாடிப் பதிவு செய்திருக்கவில்லை. வழிகாட்டி யார் என்பதே ஐந்தாம் வாரத்தில்தான் தெரிந்தது.

அதற்கப்புறம்தான் வேலையே தொடங்கியது. முதல் பதிவுகளில் தம்பூராவின் நாதமும் மைக்கில் விழுந்து, சுருதியைக் கோடாக வரையும் மென்பொருள் குரல் எது தம்பூரா எது என்று தெரியாமல் தடுமாறியது. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, தம்பூராவை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டபடி மறுபடி பாடினேன். ஒரே வரி, மூன்று காலம், பல நாள். கோடுகளை அடுக்கிப் பார்த்தபோது இரண்டாம் காலத்தில் அகலம் பெரிதாகக் குறையவே இல்லை, குறைந்தது அசைவுகளின் எண்ணிக்கை. முதல் காலத்தில் மூன்று இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. மூன்றாம் காலத்தில் காந்தாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரிக்கவே முடியவில்லை. அப்படியானால் கேட்க வேண்டியது அகலத்தை அல்ல, வேகம் கூடும்போது தொண்டை எந்த அசைவை விடுகிறது, எதை வைத்துக்கொள்கிறது என்பதை. பாடிப் பார்க்காமல் இந்தக் கேள்வி எனக்குக் கிடைத்திருக்காது.

இப்போது என் நிலைமை இது: தவறு என்று தெரிந்துவிட்ட கேள்விக்காக ராத்திரி உட்கார்ந்து அளந்து அட்டவணை போடுகிறேன். நிஜமாகவே கண்டுபிடித்தது, கடைசி அத்தியாயத்தில் ‘மேலாய்வுக்கான பரிந்துரைகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு பத்தியாக ஒடுங்கப் போகிறது. மதிப்பெண் பழைய கேள்விக்குத்தான். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1900களில் ஃபோனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவியின் உருளைகளில் சேகரித்த நாட்டுப்பாடல்களை 1930களில் திரும்பவும் உட்கார்ந்து கேட்டு, பழைய சுரக்குறிப்புகளைத் திருத்தி, இன்னும் நுணுக்கமாக எழுதினார். இசை ஆய்வில் காது தேறத் தேற கேள்வியும் மாறும். எங்களுக்கு வருடக் கணக்கில் வேண்டாம், ஒரே ஒரு திருத்தம் போதும்.

இந்த விதியால் எங்கள் வகுப்பில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். விடை முன்பே தெரிந்த தலைப்பாகப் பார்த்து எடுக்கிறார்கள். பாதியில் கேள்வி மாறினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். பாட வந்தவர்களைப் பாடி ஆராய விடாமல் புத்தகங்களிலிருந்து தொகுத்து எழுத வைக்கிறது இந்த விதி. பதிவுகளைப் பின்னிணைப்பில் சேர்க்கச் சொல்கிறீர்கள், அதற்கு மதிப்பெண் கிடையாது. அதை யாராவது கேட்கிறார்களா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. ஒரு இசைப் பட்டத்தில் இப்படி இருக்கலாமா?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். முன்மொழிவுக்கு முன்னால் வழிகாட்டியை ஒதுக்குங்கள். முதல் ஆறு வாரத்தை முன்னோட்டப் பதிவுகளுக்கு விட்டுவிட்டு, அது முடிந்ததும் கேள்வியை ஒரு தடவை மாற்ற அனுமதியுங்கள். ஏன் மாற்றுகிறோம் என்று ஒரு பக்கம் எழுதி, ஆதாரப் பதிவை இணைத்து, வழிகாட்டியின் கையெழுத்தோடு தருகிறோம். புதிதாக வேறு பாடகர்களைப் பதிவு செய்வதாக இருந்தால் நெறிமுறைக் குழுவிடம் மறுபடி ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள், அது நியாயம்தான். ஆனால் கேள்வியை மாற்றவே கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சமர்ப்பிக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, இந்த வருடமே செய்ய முடியும். அடுத்த கூட்டத்தில் தயவுசெய்து இதை எடுத்துப் பேசுங்கள். பத்து நிமிடம் கொடுத்தால் மூன்று காலப் பதிவுகளையும் கோடுகளையும் கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
முதுகலை இசை இரண்டாம் ஆண்டு மாணவி