சேகருக்கு, பிலிப்பைன்ஸின் குபாவோவிலிருந்து

அன்புள்ள சேகர்,

எட்டு மாசமாக ஒரு வரி எழுதவில்லை. தப்புதான், திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது, பாப்பா பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுத்தாள், ரெண்டுக்கும் பதில் போடு. இங்கே நாங்கள் மூணு பேரும் சௌக்கியம். மழை பிடித்துக்கொண்டது, துணி காய மாட்டேன் என்கிறது, வேறு விசேஷம் இல்லை.

மணி அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பாஸ்கெட்பால் செமி ஃபைனலில் ரெஃப்ரியின் சட்டையைப் பிடித்துவிட்டாயாமே. ஒரு வருஷம் ஆடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அது கூடப் பரவாயில்லை, பையன்களுக்குக் கோச்சாக வா என்று கிளப்பில் கூப்பிட்டதற்கு, இனிமேல் அந்தப் பந்தையே தொட மாட்டேன் என்று சொல்லி ஷூவைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாய் என்கிறான். மூணு நாளாக எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, கடிதத்தைக் கட் பண்ண முடியாது இல்லையா, படி.

உன் கோபம் எனக்குப் புதுசா? பி.டி. சார் உன்னை இருபது ரவுண்டு ஓடவிட்ட அன்றைக்கு, பந்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினவன் நான். அண்ணாச்சி கடை முன்னால் நடந்ததையும் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் நீ செய்தது சரி என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் உன்னைவிடப் பெரிய தப்புப் பண்ணின ஒரு ஆளைப் பற்றி இந்த ஊரில் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு விளக்குக் கம்பம். அதில் பலகை அடித்து வளையம் மாட்டியிருக்கிறார்கள், வலை கிடையாது. பையன்கள் ரப்பர் செருப்போடு ஆடுவார்கள். வண்டி வந்தால் ஒதுங்குவார்கள், போனதும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம். இந்த நாட்டில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் இப்படி ஒரு வளையம் இருக்கிறது, நம் ஊரில் மூணு குச்சியை நட்டு கிரிக்கெட் ஆடுகிற மாதிரி. அந்த முனையில் டிரைசைக்கிள் நிறுத்திக்கொண்டு ஒரு பெரியவர் இருப்பார், எல்லோரும் லோலோ என்போம், தாத்தா என்று அர்த்தம். வண்டியின் முன்கண்ணாடியில் பெரிசாக ஒரு 7 எழுதியிருக்கும். எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன், அன்றைக்கு ஆபீசுக்கு லேட்.

அது ராபர்ட் ஜவோர்ஸ்கி என்ற பாஸ்கெட்பால் ஆட்டக்காரரின் நம்பர். 1946-ல் பாகியோவில் பிறந்தவர், அப்பா போலந்து வம்சாவளி அமெரிக்கர், அம்மா இந்த ஊர்க்காரர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் ஆடியிருக்கிறார். அப்புறம் 1971-ல், மெரால்கோ டீமுக்கு ஆடும்போது, ஒரு மேட்சில் அவரும் ரெய்னோசோ என்ற இன்னொரு ஆட்டக்காரரும் சேர்ந்து ரெஃப்ரிகளை அடித்துவிட்டார்கள். சட்டையைப் பிடிக்கவில்லை, அடித்தார்கள். தண்டனை என்ன தெரியுமா? ஆயுள் தடை. உனக்கு ஒரு வருஷம்.

1973-ல் ஆசிய பாஸ்கெட்பால் போட்டி மணிலாவிலேயே நடக்க இருந்தது, சொந்த மண்ணில் தோற்கக் கூடாது, ஆள் வேண்டும், தடையை எடுத்தார்கள். அந்த வருஷம் பிலிப்பைன்ஸ் சாம்பியன். லோலோ இதைச் சொல்லும்போது, தடையை எடுத்தது நியாயமா என்று கேட்டேன். நியாயம் இல்லை, ஆனால் கிடைத்த இன்னொரு வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை என்றார். அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

1975-ல் பி.பி.ஏ. என்ற இந்த நாட்டுத் தொழில்முறை லீக் ஆரம்பித்தபோது அவர் டொயோட்டா டீமில். டொயோட்டாவுக்கும் கிரிஸ்பாவுக்கும் அப்போது இருந்த பகையில் வீட்டுக்குள்ளேயே அண்ணன் ஒரு கட்சி தம்பி ஒரு கட்சியாம். 1977-ல் மேட்ச் முடிந்து ரெண்டு டீமும் அடித்துக்கொண்டதில், ராணுவச் சட்டம் இருந்த காலம், ரெண்டு பக்கத்து ஆட்டக்காரர்களையும் போர்ட் போனிஃபாசியோ ராணுவ முகாமில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் இவர்தான் லீகின் சிறந்த ஆட்டக்காரர். 1984-ல் டொயோட்டா டீமை மூடி, ஆட்டக்காரர்களை வேறு கம்பெனிக்கு மொத்தமாகக் கைமாற்றினார்கள். எங்களைக் கேட்காமல் எப்படி விற்பீர்கள் என்று இவரும் பிரான்சிஸ் ஆர்னைசும் போக மறுத்து கில்பீஸ் ஜின் டீமுக்கு வந்தார்கள். இன்றைக்கு ஊரே கொண்டாடுகிற கினேப்ரா அதுதான்.

இப்போது உனக்காகச் சொல்ல வந்த இடம். 1985-ல் அந்த டீமுக்கு அவரே கோச். ஆடுவதை நிறுத்தவில்லை. வயசு 39, உன்னைவிட ரெண்டு குறைவு. அந்த அக்டோபரில் ஒரு மேட்சில் எதிர் டீமின் ஜெஃப் மூர் முழங்கை பட்டு உதடு கிழிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒன்பது தையல். லோலோ அப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாராம், மூலையில் டி.வி. ஓடுகிறது, டீம் நன்றாகப் பின்தங்கிவிட்டது, பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். கடைசி குவார்ட்டரில் கதவைத் திறந்துகொண்டு மனுஷன் கட்டோடு வந்து நிற்கிறார். இதைச் சொல்லும்போது லோலோ தன் உதட்டை விரலால் இழுத்து, இங்கே, இங்கே என்று காட்டினார், கண்ணில் தண்ணீர். கடையில் இருந்தவர்கள் ஸ்பூனால் தட்டில் அடித்தார்களாம். அந்த மேட்சை ஜெயித்தார்கள். 'நெவர் சே டை' என்று கினேப்ரா ரசிகர்கள் இன்றும் கத்துவதற்கு ஆரம்பம் அதுதான். அடுத்த வருஷமே முதல் கோப்பை.

ஆனால் சேகர், எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1990. கோச் ஆகி அஞ்சு வருஷம் ஆகிவிட்டது, பக்குவம் வந்திருக்கும் என்று நீயும் நானும் நினைப்போம். ஷெல் டீமோடு ஃபைனல், ஆறாவது மேட்ச், ரெஃப்ரி சரியில்லை என்று டீமையே அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கோப்பை ஷெல்லுக்குப் போயிற்று. நான் அவர் ரசிகன் ஆகிவிட்டேன், ஆனாலும் அன்றைக்கு அவர் செய்தது தப்பு என்றுதான் சொல்வேன். 1971-ல் அவர் கோபம் அவரோடு போயிற்று. 1990-ல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னப் பையன்கள் எல்லோரும் அவர் பின்னால் எழுந்து போக வேண்டியதாயிற்று. அவர்களுக்கு ஃபைனல் அவ்வளவு லேசாகத் திரும்பக் கிடைக்குமா?

கிடைத்தது. 1991-ல் மறுபடி அதே ஷெல்லோடு ஃபைனல், மூணுக்கு ஒன்று என்று பின்தங்கிவிட்டார்கள், இன்னும் ஒன்று தோற்றால் முடிந்தது. இந்தத் தடவை யாரும் வெளியே போகவில்லை. அடுத்தடுத்து மூணு மேட்ச். ஏழாவது மேட்ச் முடியப் போகிற நேரத்தில் ரூடி டிஸ்ட்ரிட்டோ என்ற ஆட்டக்காரர் போட்ட பந்தில் கோப்பை. கடைசிப் பந்தைக் கோச் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை பார்த்தாயா, அவருக்கு அப்போது 45.

அம்பதைத் தாண்டியும் ஜெர்ஸி போட்டு ஆடினார், சொந்த மகனே டீமில் கூட ஆடியிருக்கிறான். இந்த லீகில் அதிக அசிஸ்ட், 5,825, அவர் பேரில்தான். மத்தவன் கூடை போடுவதற்காகக் கொடுத்த பாஸ் அத்தனையும். 98-ல் செனட்டர் ஆனார். அரசியல் கதையில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை, விடு.

நம் கதைக்கு வருகிறேன். தடை உன் ஆட்டத்துக்குத்தான், பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு இல்லை என்று மணி தெளிவாகச் சொல்கிறான். அந்த ரெஃப்ரி வீட்டுக்கு முதலில் போ. ஆள் இல்லாமல், போட்டோ எடுக்காமல், நீ மட்டும் போ. அப்புறம் கிளப்புக்குப் போ. இடது கையால் லே அப் போட வராத அந்த ஒல்லிப் பையனைப் பற்றிப் போன தீபாவளிக்கு அரை மணி நேரம் பேசினாயே, அவனுக்கு வேறு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? அவன் என்ன ரெஃப்ரி சட்டையைப் பிடித்தானா?

கோர்ட்டில் நீ இருக்கும்போது கோபத்தைத் தனியாக வைத்துவிட்டு வா என்று நான் சொன்னால் நடக்காது. ஆனால் பெஞ்சில் உனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நீ எழுந்தால் அவர்களும் எழுந்துவிடுவார்கள். அதை மட்டும் யோசி. எனக்குப் பயம் அதில்தான்.

உன் பழைய போட்டோவை நேற்று லோலோவிடம் காட்டினேன், திருச்சியில் கப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பாயே, அது. இப்போது என்ன வயசு என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். "பாத்தா பா" என்றார். சின்னப் பையன்தானே இன்னும் என்று அர்த்தம்.

ஷூ சைஸ் பத்துதானே? மாறியிருந்தால் சொல், மணியின் மச்சான் அடுத்த மாசம் இங்கிருந்து கிளம்புகிறான், கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்கு ஏழு மணிக்கு, எனக்கு ஒன்பதரை, போன் பண்ணுவேன். எடு.

உன்,
ரவி