பெட்டை நாய் என்றால் ஏன் ஒதுக்குகிறோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காப்பகத்திலிருந்து நாய் எடுத்து வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன். காப்பகத்துக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, "ஆண் குட்டி இருக்கா?" என்பதுதான். இல்லை என்றால் அப்படியே திரும்பிவிடுகிறார்கள்.

எனக்குப் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டு வாய்க்கால் மதகடியில் விட்டுவிட்டு வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். ஜூன் 12 மேட்டூர் திறந்து, கடைமடை வரைக்கும் தண்ணீர் எப்போது வரும் என்று நாம் காத்திருப்போம். அந்தத் தண்ணீர் வரும்போது மதகடியில் கிடக்கும் குட்டிகளை யாரும் நினைப்பதில்லை.

போன தை அறுவடை முடிந்ததும் நானும் மகளும் ஒரு காப்பகத்துக்குப் போய், மூன்று வயதுப் பெட்டை ஒன்றை அழைத்து வந்தோம். செம்மண் நிறம், அதனால் செவலை. அதன் காது மடலில் 'வி' வடிவத்தில் சின்ன வெட்டு இருக்கும். கருத்தடை ஆபரேஷன் முடிந்த நாய் என்பதற்கான அடையாளம் அது. ஏதோ சண்டையில் கிழிந்தது, புண் என்று நினைத்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். உண்மையில் பெட்டை நாய் வளர்க்கப் பயப்படுகிறவர்கள் முதலில் தேட வேண்டியதே அந்த வெட்டைத்தான். ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வருவது, வாசலில் ஊர் நாய்களெல்லாம் கூடிச் சண்டை போடுவது, ஒன்பது வாரத்தில் ஐந்தாறு குட்டி, அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கவலை, எல்லாமே அந்த ஒரு ஆபரேஷனோடு முடிந்துவிடுகின்றன.

பெட்டைக்குக் காவல் தெரியாது என்பதும் வெறும் பேச்சு. நெல் காயும் களத்தில் ராத்திரி யார் கால் வைத்தாலும் செவலை தெருவையே எழுப்பிவிடும்.

முதல் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. தட்டை வைத்துவிட்டு நாங்கள் நகர்ந்தால்தான் சாப்பிட்டது. துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே நடுங்கி, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். யாரிடம் எவ்வளவு அடி வாங்கியதோ. என் மாமியார் அது கொல்லைக்குப் போகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் வீட்டைக் கூட்டினார். இரண்டு மாதம் இப்படி. இப்போது கூட்டுகிற துடைப்பத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறது.

காப்பகத்தில் ஆதார் நகல் கேட்டார்கள், வீட்டை வந்து பார்த்தார்கள், கட்டிப்போட்டே வளர்க்க மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். "தெரு நாய்க்கு இவ்வளவு கெடுபிடியா?" என்றார் என் மைத்துனர். எனக்கு அது சரியென்றே பட்டது. ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூண்டுக்கு வருகிற நாய் சாப்பாட்டையே தொடுவதில்லை என்று அங்கே இருந்த பெண் சொன்னார். எடுப்பவர்கள் வெறிநோய்த் தடுப்பூசியை மட்டும் ஆண்டு தவறாமல் போட்டுவிட வேண்டும். அரசு கால்நடை மருந்தகம் நமக்குத் தூரமில்லை, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரி விளம்பரப் பகுதியில் சாதி நாய்க் குட்டிகள் விற்பனைக்கு என்று வாரம் தவறாமல் வருகிறது. அதற்குக் கீழேயே, டெல்டா மாவட்டக் காப்பகங்களில் இருக்கும் பெட்டை நாய்களைப் பற்றி இரண்டு வரி இலவசமாகப் போட முடியுமா? வயது, நிறம், தடுப்பூசி போட்ட தேதி, இவ்வளவு போதும். செவலை இருந்த கூண்டில் முகவாய் நரைத்த கறுப்புப் பெட்டை ஒன்றும் இருந்தது. போன மாதம் அரிசி கொடுக்கப் போனபோதும் அது அங்கேயேதான் இருந்தது. முதல் வாரம் அதைப் பற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்